சிங்கப்பூர் வேலைக்கு முதல்முறை கிளம்பும் டெல்டா பிள்ளைகளுக்கு

மன்னார்குடியிலிருந்து வடுவூர் போகும் வழியில் எங்கள் ஊர். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காமல் குறுவையே இல்லாமல் போன 2017-ல், கட்டட வேலைக்கு சிங்கப்பூர் போனேன். ஏழு வருடம் இருந்துவிட்டுத் திரும்பினேன். இப்போது வாரத்துக்கு ஒரு தம்பியாவது வீட்டுக்கு வந்து, "அண்ணே, ஏஜெண்ட் பணம் கேட்கிறான், கட்டலாமா?" என்று கேட்கிறான். வாயால் சொல்லிச் சொல்லி ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எழுதியே வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே போய்ப் படுகிற கஷ்டத்தில் பாதிக்கு மேல் ஊரிலேயே தீர்மானமாகிவிடுகிறது. எவ்வளவு கடனோடு விமானம் ஏறுகிறீர்கள், எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டீர்கள், வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் கட்டட வேலைக்குப் போனவன். அதற்கான ஒர்க் பெர்மிட்டை வைத்துத்தான் எழுதுகிறேன்.

1. பெயரைச் சரி செய்யுங்கள்

நம் ஊரில் இனிஷியல் வைத்தே பழக்கம். ஆதாரில் ஒரு மாதிரி, பத்தாவது மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுதாக எழுத வேண்டும். என் அப்பா பெயரில் ஆங்கிலத்தில் ஒரு 'எச்' ஆதாரில் கூடுதலாக இருந்தது. அந்த ஒரு எழுத்தால் ஆறு வாரம் போய்விட்டது. பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடும் முன்பே ஆதார், மார்க் ஷீட், பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். வேலை அனுமதியும் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில்தான் வரும்.

36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கால் என்றால் 3,500. நம் மாவட்டங்கள் திருச்சி மண்டல அலுவலகத்தில் வருகின்றன. சேவா கேந்திரா தஞ்சாவூரிலேயே இருக்கிறது. போலீஸ் விசாரணைக்கு வரும்போது மனுவில் எழுதிய முகவரியில் நீங்கள் இருக்க வேண்டும். திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு ஊர் முகவரியில் மனுப் போட்டால் அங்கேதான் சிக்கும்.

பத்தாவது பாஸ் ஆகாதவர்களுக்கு ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் கிடைக்கும். மலேசியா, வளைகுடா நாடுகளுக்கு அந்தப் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தனியாக வாங்க வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை.

2. பணம் கட்டும் முன் கணக்குப் போடுங்கள்

இந்தியாவில் உரிமம் பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மொத்தம் 35,400. உரிமம் இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். சிங்கப்பூர் பக்கத்து ஏஜென்சி, வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வாங்கலாம். வேலை கொடுப்பதற்காக முதலாளி உங்களிடம் பணம் வாங்குவது அந்த நாட்டில் குற்றம்.

ஊரில் நடப்பது வேறு என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கட்டியது மூன்றரை லட்சம், ரசீது இல்லாமல். அம்மாவின் நகை போக மீதி ரெண்டு வட்டிக்கு வாங்கியது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் நகையையும் தனியாரிடம் அதே வட்டிக்குத்தான் வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கை உங்களுக்கு முன்னால் விரிக்கிறேன், பாருங்கள்.

எனக்கு நாள் சம்பளம் 18 வெள்ளி. (அங்கே டாலரை நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) 26 நாளுக்கு 468 வெள்ளி. வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் பார்ப்பது ஓவர்டைம், ஒன்றரை மடங்கு. என் சம்பளத்துக்கு அது மணிக்கு 3 வெள்ளி 68 காசு. மாதத்தில் 72 மணி நேரம்தான் சட்டப்படி உச்சவரம்பு. அது முழுதும் கிடைத்தால் 265 வெள்ளி. ஆக 733. சாப்பாடு, போன், சோப்பு, பஸ் எல்லாம் சேர்த்து 180 போனால் மீதி 553. அப்போது ஒரு வெள்ளி சுமார் 47 ரூபாய். கிட்டத்தட்ட 26,000 ரூபாய். வீட்டுச் செலவுக்கு 10,000 போனால் கடனுக்கு 16,000. மூன்றரை லட்சத்துக்கு ரெண்டு வட்டி என்றால் முதல் மாதம் வட்டி மட்டும் 7,000. இப்படியே ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால் கடன் தீர 29 மாதம். என் பெர்மிட் 24 மாதம்.

மழை பெய்து சைட் நின்றால் ஓவர்டைம் இல்லை. அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அந்த மாதம் கட்ட முடியாது. இதையெல்லாம் அந்த 29-ல் சேர்க்கவில்லை.

இன்றைக்குச் சம்பளமும் வெள்ளியின் மதிப்பும் கூடியிருக்கின்றன, ஏஜெண்ட் கேட்கும் தொகையும் கூடியிருக்கிறது. உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். ஓவர்டைமைப் பாதியாக வைத்தே எழுதுங்கள். கடன் 12 மாதத்துக்குள் தீராது என்று வந்தால் அந்த வேலைக்குப் போக வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் வையுங்கள். ரெண்டு வட்டிக்கு வாங்குவதைவிட எவ்வளவோ மேல். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் வங்கி வழியாகக் கொடுங்கள். ரசீது தராத ஏஜெண்டுக்கும் வங்கிக் கணக்கில் தடம் இருக்கும்.

"இப்போதைக்கு விசிட்டில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விசிட்டில் போய் வேலை பார்ப்பது குற்றம். ஒர்க் பெர்மிட்டுக்கு ஒப்புதல் கிடைத்த பிறகுதான் விமானம் ஏற வேண்டும்.

கம்பி கட்டுதல், சென்ட்ரிங், டைல்ஸ், பிளம்பிங் போன்ற வேலைகளுக்கு இங்கேயே பயிற்சி மையத்தில் டெஸ்ட் எழுதித் தேற வேண்டும். டெஸ்டில் தேறினால் வேலை நிச்சயம் என்று அர்த்தமில்லை. டெஸ்டுக்கான பணத்தையும் வேலைக்கான பணத்தையும் ஒரே தொகையாகக் கேட்டால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

3. ஐ.பி.ஏ. கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள்

சிங்கப்பூர் மனிதவள அமைச்சு கொடுக்கும் ஒப்புதல் கடிதத்துக்கு ஐ.பி.ஏ. என்று பெயர். நமக்குப் புரியும் மொழியிலும் ஒரு பிரதி உண்டு. அதில் அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம், ஏஜென்சிக் கட்டணம் எல்லாம் எண்ணாகவே போட்டிருக்கும். கிளம்பும் முன் அதன் பிரதியை நீங்கள் கையில் வாங்கியாக வேண்டும். "ஏர்போர்ட்டில் தருகிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடிதம் உண்மைதானா என்று அமைச்சின் இணையதளத்திலேயே சரிபார்க்க முடியும்.

கடிதத்தில் உள்ள சம்பளத்தை, நீங்கள் எழுத்தில் சம்மதிக்காமல் முதலாளி குறைக்க முடியாது. அந்த எழுத்துச் சம்மதத்தைத்தான் தந்திரமாக வாங்குவார்கள். நான் போய் இறங்கிய நான்காவது நாள். ஆபீஸில் ஒரு மேஜை, அதில் ஏழெட்டுத் தாள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. எங்களை வரிசையில் நிற்க வைத்து, "இங்கே, இங்கே, இங்கே" என்று விரலால் காட்டிக்கொண்டே போனார்கள். பின்னால் பதினோரு பேர் நிற்கிறார்கள், லாரி கிளம்பப் போகிறது, நானும் போட்டுவிட்டேன். அதில் ஒரு தாள், தங்குமிடத்துக்கு மாதம் 60 வெள்ளி பிடிக்கச் சம்மதம் என்பது. ஐ.பி.ஏ.வில் அந்தப் பிடித்தமே இல்லை.

நீங்கள் அந்த மேஜைக்கு முன்னால் நிற்கும்போது, "தமிழில் படித்துக் காட்டுங்கள், நாளைக்குப் போடுகிறேன்" என்று சொல்லுங்கள். போனில் ஒரு படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து, தேதியில்லாத சம்பள ரசீதில் கையெழுத்து, இரண்டும் கூடவே கூடாது.

4. ஊரில் முடித்துவிட்டுப் போக வேண்டியவை

நிலம் உங்கள் பெயரில் இருந்தால் இதுதான் முக்கியம். கொள்முதல் நிலையத்தில் நெல் போட சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் கேட்பார்கள். பட்டா உங்கள் பெயரிலும் சாகுபடி அப்பாவுமாக இருந்தால் அறுப்பு நேரத்தில், நெல்லைக் களத்தில் கொட்டி வைத்துக்கொண்டு அவர் அலைய வேண்டியிருக்கும். கிளம்பும் முன்பே வி.ஏ.ஓ.வைப் பார்த்து அடங்கலில் சாகுபடி யார் பெயரில் என்று பேசி முடியுங்கள். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், பயிர்க்காப்பீடு இரண்டுக்கும் இதே பேச்சுதான்.

உங்களுக்காகக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்றால் பவர் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் போங்கள். எந்தெந்த வேலைக்கு என்று குறிப்பிட்டு எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காதீர்கள். அங்கே போனபின் வேண்டும் என்றால் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி ஊருக்கு அனுப்பி, மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அதற்கு உங்களுக்கு ஒரு நாள் சம்பளம் போகும்.

போன் நம்பர் பெரிய கண்ணி. வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்த சிம்மை ரோமிங் போட்டு எடுத்துப் போங்கள். வீட்டில் யாரையாவது தவறாமல் ரீசார்ஜ் செய்யச் சொல்லுங்கள். நான் விட்டுவிட்டேன், நம்பர் செத்துப்போனது. ஓ.டி.பி. வராததால் என் கணக்கில் இருந்த பணத்தை நானே எடுக்க முடியாமல் இரண்டு வருடம் இருந்தது. லீவில் வந்துதான் மாற்றினேன்.

வெளிநாட்டு வேலைக்குப் போனவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, அதை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் இருப்பவர் ஊர் வரவு செலவுக்கு வைத்திருக்கும் கணக்கு) மாற்ற வேண்டும். சம்பளம் அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாட்டில் சம்பாதித்த பணத்துக்கான கணக்கு) தொடங்குங்கள்; அதில் வரும் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. பி.எம். கிசான் பணம் உங்கள் பெயரில் வந்துகொண்டிருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். வெளிநாடுவாழ் இந்தியருக்கு அது கிடையாது, பின்னால் திருப்பிக் கேட்பார்கள்.

5. பெட்டி

வாயில் அடக்கும் புகையிலை, வேப் என்கிற மின்சிகரெட், சூயிங்கம் எதுவும் வேண்டாம். சிகரெட்டுக்கு ஒன்றுக்குக்கூட வரிவிலக்கு இல்லை. முட்டையும் இறைச்சியும் வேண்டாம். வீட்டில் அரைத்த மசாலாவில் கசகசா சேர்த்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வரும். பக்கத்து வீட்டுக்காரர், "என் மச்சானிடம் கொடுத்துவிடு" என்று தரும் ஒட்டிய பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். போதைப்பொருளுக்கு அந்த நாட்டில் தூக்குத் தண்டனை வரை உண்டு.

கையோடு வைத்துக்கொள்ள: பாஸ்போர்ட், ஐ.பி.ஏ., டெஸ்ட் சான்றிதழ், எட்டு போட்டோ, முதல் மாதச் செலவுக்கு 150 வெள்ளியாவது. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எஸ்.ஜி. அரைவல் கார்டு என்ற சிங்கப்பூர் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், அதற்குப் பணம் கேட்கும் தளம் எல்லாம் போலி. திருச்சியிலிருந்து நேர் விமானம், நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

6. முதல் இரண்டு வாரம்

இரண்டு வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை, அப்புறம் பெர்மிட் கார்டு. புதிதாக வருபவர்களுக்கு இப்போது ஒரு அறிமுக வகுப்பு நடத்துகிறார்கள், தமிழிலும் உண்டு. செலவு முதலாளியுடையது. தூங்காமல் கேளுங்கள், உங்கள் உரிமை எல்லாம் அங்கேதான் சொல்கிறார்கள். உங்களுக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் 5,000 வெள்ளி ஈட்டுத்தொகையை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டையும் அவர் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

7. சாப்பாடு, படுக்கை, மனசு

யாரும் சொல்லித் தராத பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கேட்டரிங் சாப்பாடு விடியற்காலையில் வந்துவிடும். மதியத்துக்கான பொட்டலத்தையும் அப்போதே கொடுத்துவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கும்போது குழம்பில் புளித்த வாடை அடிக்கும். முதல் மாதம் பலருக்கு வயிறு போவது இதனால்தான். குழம்பைத் தனி டப்பாவில் வாங்குங்கள், பொட்டலத்தை வெயில் படாமல் தொங்கவிடுங்கள். தங்குமிடத்தில் சமையலறை இருந்தால் நாலு பேர் சேர்ந்து முறை வைத்துச் சமையுங்கள். செலவும் குறையும், பேச்சுத் துணையும் கிடைக்கும்.

எங்கள் அறையில் பதினாறு பேர், எனக்கு மேல்கட்டில். நைட் ஷிஃப்ட் ஆள் வந்து விளக்கைப் போடுவான், ஒருவன் வீடியோ காலில் பிள்ளையைக் கொஞ்சுவான். ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டியதும்தான் தூக்கம் வந்தது. பழைய நாலு முழ வேட்டி ஒன்றை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

நான் செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. முதல் மாதம் போனில் அம்மா, "எவ்வளவுப்பா வருது?" என்று கேட்டதும் நாற்பதாயிரம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் மனசு குளிரட்டும் என்றுதான் சொன்னேன். அந்த நாற்பதை நம்பி அப்பா தங்கச்சி கல்யாணத்துக்கு எட்டுப் பவுன் ஒத்துக்கொண்டார். தைப்பொங்கலன்று கூப்பிட்டு அதைச் சொன்னார். பின்னால் தங்கச்சி சிரிக்கிற சத்தம், மாட்டு மணி. நான் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து, "சரிப்பா" என்று மட்டும் சொன்னேன். அந்தச் 'சரி'க்காக இன்னொரு இடத்தில் கடன் வாங்கி, மறுபடி ஒரு பெர்மிட் காலம் முழுக்க அடைத்தேன்.

அதனால் முதல் சம்பளச் சீட்டு வந்ததும் அதைப் போட்டோ எடுத்து அப்படியே வீட்டுக்கு அனுப்புங்கள். பிடித்தம், ஓவர்டைம் எல்லாம் அவர்களும் பார்க்கட்டும். சம்பளச் சீட்டு கொடுப்பது அங்கே சட்டக் கடமை; கேட்டு வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடக்காதீர்கள். சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோயில் இருக்கிறது, பெருமாள் கோயில் இருக்கிறது. தெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா என்ற பெயரிலேயே ஒரு கட்டடம் இருக்கிறது. 1830-ஐ ஒட்டி நம் பக்கத்து ஆட்கள் கட்டியது. முதல்முறை அந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அங்கத்தியத் தமிழர்கள் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார்கள், காலையில் சாப்பிட்டாயா என்று அர்த்தம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. பலகையிலும் படிவத்திலும் பார்க்கலாம், கூசாமல் தமிழில் கேளுங்கள். ஆனால் லிட்டில் இந்தியாவில் பொது இடத்தில் குடிக்கக் கட்டுப்பாடு உண்டு, இரவு பத்தரைக்கு மேல் எங்குமே வெளியில் உட்கார்ந்து குடிக்கக் கூடாது. ஒரு சண்டை, ஒரு புகார் வந்தால் பெர்மிட் போய்விடும்.

8. பணம் அனுப்புவது

உண்டியலில், அதாவது உரிமம் இல்லாத ஆள் வழியாக, அனுப்பாதீர்கள். காசு இரண்டு அதிகம் கிடைக்கலாம். பணம் போய்ச் சேரவில்லை என்றால் கேட்க நாதியில்லை, சட்டப்படியும் தப்பு. உரிமம் உள்ள கடையில் அனுப்பி ரசீது வாங்குங்கள். 2023 பிப்ரவரியிலிருந்து போனிலேயே பணம் அனுப்பும் அங்கத்திய பேநவ்வும் நம் யூ.பி.ஐ.யும் இணைந்திருக்கின்றன, உங்கள் வங்கியில் அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

"உன் வங்கிக் கணக்கை ஒரு வாரம் கொடு, 200 வெள்ளி தருகிறேன்" என்பார்கள். சிம், சிங்பாஸ் (அந்நாட்டு அரசின் இணைய அடையாளக் கணக்கு) எல்லாம் இப்படித்தான் கேட்பார்கள். மோசடிப் பணம் அதில் ஓடும், ஜெயிலுக்கு நீங்கள் போவீர்கள்.

9. சம்பளம் வரவில்லை, அடிபட்டுவிட்டது என்றால்

சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓவர்டைம் வர வேண்டும். ஒரு மாதம் தவறினாலே கேளுங்கள். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தவர்கள்தான் மொத்தமும் இழந்தார்கள். தினமும் எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்கினீர்கள், எத்தனை மணிக்கு முடித்தீர்கள் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். என் அறைத் தோழர் ஒருவருக்கு நாலு மாத ஓவர்டைம் கிடைத்தது அப்படி எழுதிய நோட்டால்தான். வேலையை விட்ட பிறகு என்றால் 6 மாதத்துக்குள் முறையிட வேண்டும்.

வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692. ஆம்புலன்ஸ் 995, போலீஸ் 999. மூன்றையும் கிளம்பும் முன்பே போனில் ஏற்றுங்கள். சைட்டில் அடிபட்டால் சின்னக் காயம் என்றாலும் அன்றைக்கே சொல்லி, மருத்துவரிடம் "வேலையில் பட்டது" என்றே பதியச் சொல்லுங்கள். "ரூமில் விழுந்தேன் என்று சொல்" என்பார்கள், கேட்காதீர்கள். இழப்பீடு கோர ஒரு வருடம்தான் அவகாசம்.

10. பெர்மிட் முடியும்போது

காலாவதித் தேதியை நீங்களே குறித்து வையுங்கள். கட்டுமானத் துறையில் பெர்மிட் முடிய 40 முதல் 21 நாள் இருக்கும்போது, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். புதிய கம்பெனி அதற்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும், அதனால் மூன்று மாதம் முன்பே தேடத் தொடங்குங்கள். மாறுவதற்கும் புதிதாகப் பணம் கேட்பார்கள். இரண்டாம் எண்ணில் சொன்ன கணக்கை அப்போதும் ஒருமுறை போடுங்கள். வேலை முடிந்து ஊருக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது.

முதல் லீவில் வரும்போது ஐம்பது பேருக்குச் சோப்பும் செண்டும் வாங்காதீர்கள். வங்கியில் போன் நம்பரை மாற்றுவது, அடங்கல் பார்ப்பது, நகையை மீட்பது என்று வேலைகளை எழுதிக்கொண்டு வாருங்கள். அரசு அலுவலகங்கள் திறந்திருக்கும் நாள் பார்த்து டிக்கெட் போடுங்கள். நான் தீபாவளிக்கு வந்து பத்து நாளில் நாலு நாள் விடுமுறையாகப் போய், பத்திர வேலை அடுத்த லீவுக்குத் தள்ளிப்போனது.